தண்டனை சொல்லாத திங்கட்கிழமை

பினாங்கு, சூலியா தெரு
26 ஜூலை 1927

நாகூரில் இருக்கும் மஹ்பூபா லாத்தா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கையெழுத்தை நீங்கள் இதற்குமுன் பார்த்ததில்லை. நான் சித்தி ஹாஜரா, அவர்கள் இங்கே நிக்காஹ் செய்தவள். ஆறு வருஷமாக உங்கள் வீட்டில் என் பெயரை யாரும் உரக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிட எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

பள்ளிவாசல்காரர்கள் அடித்த தந்தி கிடைத்திருக்கும். ‘ஷேக் அலாவுதீன் மௌத்து’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்றார்கள். மீதியைச் சொல்ல வேண்டியவள் நான்.

கப்பல் கம்பெனியில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் எழுதும் கிராணியாக அவர்கள் இருந்தது உங்களுக்குத் தெரியும். எட்டுப் பேர் கொண்டுவந்து கொடுத்த பணத்துக்குத் தன் கையாலேயே ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, அதைக் கம்பெனியில் கட்டவில்லை என்று வழக்கு. பிப்ரவரியில் அந்த எட்டுப் பேரையும் கரையில் விட்டுவிட்டுக் கப்பல் போனது. இந்த ஜூலை பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஜூரிமார் ஏழு பேரும் குற்றவாளி என்று சொன்னார்கள். தண்டனையைத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று ஜட்ஜ் எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் லுஹர் நேரத்தில், ஜெயில் ஆஸ்பத்திரியில், மார்வலி என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை கோர்ட்டில் மற்றக் கைதிகளோடு அவர்கள் பெயரையும் கூப்பிட்டார்களாம். எங்கள் வக்கீல் எழுந்து, ஆள் இல்லை என்றாராம். வக்கீலின் குமாஸ்தா பிச்சைமுத்து வந்து வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்று விவரம் சொன்னார்.

“செத்துப்போன ஆளுக்கு ஜட்ஜு துவான் எப்படிக்கா தண்டன போடுவாரு? தண்டன போடலன்னா தீர்ப்பே முடியலன்னுதான் அர்த்தம் லா. கேஸு அத்துப்போச்சு. ஜெயில் இல்ல, அபராதம் இல்ல, ஒண்ணும் இல்ல.”

போலீஸ்காரர்கள் எங்கள் பெட்டியிலிருந்து எடுத்துப்போன பணம் கோர்ட்டில் இருக்கிறது. தண்டனை சொல்லியிருந்தால் அந்த எட்டுப் பேருக்கும் அதைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருப்பாராம் ஜட்ஜ். இப்போது அப்படிச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை, வாரிசுகளுக்குத்தான் திரும்பும் என்கிறார்கள். அதற்கு நீங்களும் மகள் சபூராவும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். காகிதம் இதோடு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நீங்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதுவீர்கள். நான் மலாய் பேசும் வீட்டில் பிறந்து, அதே எழுத்தில் ஜாவி படித்தவள். உங்கள் கடிதம் ஒன்று மேஜைமேல் கிடந்த நாளில் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். வாயில் தமிழாக வந்தது. அதன்பிறகு உங்கள் கடிதம் ஒவ்வொன்றையும் படித்திருக்கிறேன். அதனால்தான் இதை எந்த ஆண்பிள்ளையின் கையும் படாமல் நானே எழுத முடிகிறது. மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

ஹாஜரா

*

நாகூர்
14 ஆகஸ்டு 1927

பினாங்கில் இருக்கும் சித்தி ஹாஜராவுக்கு,

கடிதம் கிடைத்தது. கணவனுக்கு மனைவி எழுதுவதை ஒளிந்து படிப்பதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. கணவன் மௌத்துக்கு நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிற வாயால் அதைச் சொல்ல வேண்டாம் என்று விடுகிறேன்.

சபூராவின் வாப்பா திருடவில்லை. அப்படியே திருடியிருந்தாலும் இங்கே இருந்தவரை திருடவில்லை. இரண்டு அடுப்பு எரிய வைப்பவனுக்குத்தான் விறகு போதாது.

நீ சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். தண்டனை சொல்லவில்லை, அதனால் தீர்ப்பே முடியவில்லை என்றால் அவர்கள் குற்றவாளி இல்லை என்றுதானே ஆகிறது? அதைக் கோர்ட்டு முத்திரையோடு ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி அனுப்பு. சபூராவுக்குப் பதினாறு வயது. ஷவ்வாலில் நிச்சயம் செய்த நிக்காஹ். பினாங்குச் செய்தி வந்த அன்றே மாப்பிள்ளையின் உம்மா நாங்கள் கொடுத்த நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். காகிதம் வந்தால் நான் அந்தத் தட்டை மறுபடி அனுப்புவேன். காகிதம் வரும்வரை உன் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்.

வேறு எதுவும் உன்னிடம் கேட்பதாக இல்லை.

மய்யித்தைக் குளிப்பாட்டியது யார்? நம் ஆட்களா, ஜெயில் ஆட்களா? கடைசியாக இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அப்போது தாடியில் ஒரு நரை இல்லை. நரைத்திருந்ததா?

மஹ்பூபா

*

பினாங்கு
5 செப்டம்பர் 1927

லாத்தா,

கப்பித்தான் பள்ளிவாசலைச் சேர்ந்த நால்வர் குளிப்பாட்டினார்கள். பன்னீரும் கற்பூரமும் நான் கொடுத்து அனுப்பினேன். தாடி முழுதும் நரைக்கவில்லை. வலது பக்கம் மட்டும், தாடையோரம், வழக்கு தொடங்கிய இந்த ஐந்து மாதத்தில் வெளுத்தது. அந்தப் பக்கம் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், மறைக்கிற மாதிரி.

காகிதம் இதோடு வருகிறது. முத்திரை இருக்கிறது. ‘மேற்படியார்மீது தண்டனைத் தீர்ப்பு எதுவும் பதிவாகவில்லை, மரணத்தால் வழக்கு அற்றுப்போயிற்று’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. கீழே பிச்சைமுத்து தமிழில் எழுதியிருக்கிறார். அதைக் கொடுக்கும்போது அவர் சொன்னதையும் நான் மறைக்கக் கூடாது.

“அக்கா, குத்தம் இல்லேன்னு இதுல எழுதல. குத்தம்னு சொன்னத எழுதி முடிக்கலன்னு எழுதியிருக்கு. ரெண்டும் வேற லா. ஆனா கல்யாண வீட்டுல யாரு அவ்வளவு படிக்கப் போறாங்க!”

நிக்காஹ் நல்லபடியாக நடக்கட்டும்.

அந்த எட்டுப் பேரில் சிலர் இங்கே வருகிறார்கள். நான் இத்தாவில் இருப்பது தெரிந்து வாசலுக்கு வெளியே பலகையில் உட்காருகிறார்கள். சண்டை போட்டால்கூடத் தேவலை. நிபோங் திபாலில் குவே பலகாரம் சுட்டு விற்கும் சலேஹா என்ற விதவை மூன்று முறை வந்துவிட்டார். கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே பதினொரு வருஷம் சேர்த்த பணமாம் அது.

“ஜட்ஜு துவான் குடுக்கச் சொல்லுவாருன்னு கோர்ட்டுல மூணு நாளு குந்தியிருந்தேன். வக்கீல் வெச்சு இன்னொரு கேஸு போடணுமாம் இப்ப. குவே விக்கிறவளுக்கு ஏது வக்கீலு? ஒம் புருசன் மௌத்தானதுல எங்க ஹஜ்ஜும் மௌத்தாயிடுச்சும்மா,” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, எனக்கு என்று இலையில் சுற்றிய குவே இரண்டைத் திரைக்கடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார். நான் அதைச் சாப்பிடவும் முடியாமல், எறியவும் முடியாமல் இருந்தேன்.

ஹாஜரா

*

நாகூர்
25 செப்டம்பர் 1927

ஹாஜராவுக்கு,

காகிதத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் தட்டை வாங்கிக்கொண்டார்கள். இத்தா முடிந்த மறுமாதம் நிக்காஹ் என்று பேச்சு. சபூரா சிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, அன்று சிரித்தாள். இதற்காக உனக்கு அல்லாஹ் நன்மை செய்வான்.

ஆனால் நீ அந்த சலேஹாவைப் பற்றி எழுதியது என்னைவிட்டுப் போகவில்லை. சோறு ஆறிப்போக உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் நிக்காஹ். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். எங்கள் வீடு ஒற்றைக் கட்டு. மாடி எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்று நான் எத்தனை கடிதம் எழுதினேன் என்பது எனக்கே கணக்கில்லை. போன வருஷ முடிவில் திடீரென்று உண்டியல் சீட்டில் பணம் வந்தது. ஒரே தவணையில் வந்தது. ‘மாடியை எடுத்துவிடு, ஜன்னலுக்குத் தேக்கு போடு’ என்று எழுதியிருந்தார்கள். நானும் தேக்குப் போட்டேன்; தெருவே வந்து பார்த்தது.

சம்பளம் வாங்குகிற கிராணிக்கு ஒரே தவணையில் அவ்வளவு எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உனக்காகச் செலவழித்தார்கள் என்று முதலில் எழுதினேன் அல்லவா? நீ மறுத்து ஒரு வரி எழுதவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் கடிதங்களை எல்லாம் படித்தவள் நீ. மறைக்காமல் சொல்.

மஹ்பூபா

*

பினாங்கு
16 அக்டோபர் 1927

லாத்தா,

பத்து நாளாக உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இருக்கிறேன். பொய் எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

ஆமாம். அந்த மாடிதான். போலீஸ்காரர்கள் எடுத்துப்போனது அதில் மிஞ்சியது.

ஜூரிமார் வாய் திறப்பதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, ஜாமீனில் வீட்டில் இருந்தார்கள். நான் கேட்காமலே சொன்னார்கள். “சபூராவுக்கு வயசு ஏறுது. மாடி இல்லேன்னா அந்த மாப்பிள்ள வேற எடம் பாத்துடுவான்னு அவ எழுதியிருக்கா. கப்பலுக்கு ரெண்டு மாசம் இருந்துச்சு. கமிஷன் பணம் வரும், அத வெச்சு டிக்கெட்டப் போட்டுடலாம்னு நெனச்சேன், ஹாஜரா. வரல.” அவ்வளவுதான். பிறகு, “இத அவளுக்கு எழுதிடாத,” என்றார்கள். அந்த வாக்கை நான் இப்போது மீறுகிறேன்.

உங்கள் கடிதங்கள்தான் காரணம் என்று நினைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். என்னுடையதையும் கேளுங்கள். உங்களிடம் சொல்லாவிட்டால் வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அந்தப் பணத்தை நான் பார்த்தேன். கைக்குட்டையில் முடிந்து அலமாரியில் இரண்டு நாள் இருந்தது. ஒரு கிராணி வீட்டில் இருக்கக்கூடிய பணம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ‘இது யாருடையது?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்கள் திருப்பிக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். அவர்கள் சுபாவம் அப்படி. நான் கேட்கவில்லை. ஏன் தெரியுமா? அதற்கு முந்தின உங்கள் கடிதத்தில், ‘பணம் அனுப்ப முடியாவிட்டால் நீங்களாவது வாருங்கள், வாப்பா கூட இருந்தால் மாடி இல்லாமலும் நிக்காஹ் நடக்கும்’ என்று எழுதியிருந்தீர்கள். அதை அவர்கள் மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்கள். ஊருக்குப் போனால் திரும்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பிள்ளையும் இல்லை, எதைக் காட்டித் திரும்பி வரச் சொல்வேன்? பணம் போனால் அவர்கள் போக வேண்டியதில்லை. அதனால் அலமாரியைச் சாத்திவிட்டேன்.

கோர்ட்டில் என்னையும் சாட்சி கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அந்த வழக்கே இப்போது அற்றுப்போய்விட்டது. என்னை இனி யாரும் கேட்க முடியாதாம். பிச்சைமுத்து அதையும் நல்ல செய்தி மாதிரிதான் சொன்னார்.

நீங்கள் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். நிக்காஹை நிறுத்திவிடாதீர்கள்.

ஹாஜரா

*

நாகூர்
8 நவம்பர் 1927

தங்கச்சி,

முதல் இரண்டு நாள் உன்னைச் சபித்தேன். மூன்றாவது நாள் அவர்களைச் சபிக்க வாயெடுத்தேன், வரவில்லை. வாருங்கள் என்று எழுதிய வரியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள் என்கிறாயே, அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வரவில்லை. உண்டியல்தான் வந்தது.

உன் கடிதத்தைச் சபூரா எடுத்துப் படித்துவிட்டாள். நம் வீட்டில் கடிதத்தை ஒளிந்து படிப்பது வழக்கமாகிவிட்டது போல. படித்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“உம்மா, கோர்ட்டுக் காயிதத்த வச்சு ஊர் வாயை அடைக்கலாம். அந்த மாடில யாரும்மா படுக்குறது? எனக்குத் தூக்கம் வராது,” என்றாள்.

அவளுக்குப் பதினாறு வயது என்று உனக்கு எழுதினேன். அவள் வாப்பா போன அன்று ஏழு வயது. நடுவில் இருந்த வருஷங்களை எல்லாம் நான் கடிதம் எழுதியே கழித்திருக்கிறேன். பிள்ளை எப்போது இப்படிப் பேசக் கற்றுக்கொண்டாள் என்று கவனிக்கவில்லை.

வீட்டை ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு ஒத்திக்கு விட்டுவிட்டேன். இத்தா முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு என் உடன்பிறந்த காக்கா வீட்டின் பின்கட்டுக்குப் போகிறோம். பணத்தை உண்டியலாக அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்ட காகிதமும் இதில் இருக்கிறது. கோர்ட்டில் இருப்பதும் இதுவும் சேர்ந்தால் எட்டுப் பேருக்கும் போதும். வாரிசுக்கு என்று அதில் ஒரு வெள்ளியும் எடுக்க வேண்டாம். கடனை அடைத்த பிறகுதான் வாரிசு என்பது நமக்கு ஜட்ஜ் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாப்பிள்ளையின் உம்மா வந்தார். “ஜெயிலுக்குப் போறதுக்குள்ள மௌத்தாயிட்டாரு, அது சரி, பொறுத்துக்கிட்டோம். வூடு இல்லாம எப்படிம்மா?” என்றார். தட்டு மறுபடி திரும்பி வந்துவிட்டது. சபூரா அழவில்லை. நான்தான் அழுதேன்.

இனிமேல் உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. உன்னை நான் ஆறு வருஷம் வெறுத்ததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. அந்த ஆறு வருஷமும் உன்னிடம் இருந்தன, என்னிடம் இல்லை. எனக்கு அதில் ஒரு நாளைக் கொடு. ஏதாவது ஒரு சாதாரண நாள். சுபுஹில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுது. நல்ல நாளாக இருக்க வேண்டும் என்றில்லை.

உன் லாத்தா
மஹ்பூபா

*

பினாங்கு
9 ஜனவரி 1928

என் லாத்தாவுக்கு,

தாமதத்துக்குக் காரணம், எழுதுவதற்கு முன் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

இத்தா முடிந்த மறுநாள் பிச்சைமுத்துவோடு கோர்ட்டுக்குப் போனேன். பணத்தை எண்ணிக் கொடுத்த கிளார்க், “இது உங்களோடதுதானே, ஏன் ரசீது எழுதி எட்டுப் பேருக்குப் பிரிக்கிறீங்க?” என்று கேட்டார். பிச்சைமுத்து, “சட்டம் முடிஞ்சிருச்சு சார், அம்மாவுக்கு முடியல,” என்றார். பிறகு வீடு வீடாகப் போனேன். பாயான் லெப்பாஸில் இருந்த பெரியவர் அக்டோபரிலேயே மௌத்தாகிவிட்டார். பணத்தை அவர் மகன் வாங்கிக்கொண்டான். மன்னித்ததாக ‘பொருந்திக்கொண்டேன்’ என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் நின்று சலாம் சொல்லிவிட்டு வந்தேன்.

மற்ற ஏழு பேரும் நேற்றுக் கப்பல் ஏறினார்கள். நானும் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். சலேஹா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒம் புருசன நான் பொருந்திக்கிட்டேன்மா. கஃபாவுல அவரு பேரச் சொல்லிக் கேக்குறேன். நாகூரு அம்மா பேரு என்னா?” என்றார். சொன்னேன். மறந்துவிடாமல் இருக்க அவர் அதை நாலு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அங்கிருந்து கபுரடிக்குப் போனேன். இத்தாவில் போக முடியாததால் நேற்றுதான் முதல் தடவை. புல் முளைத்திருக்கிறது. உங்கள் சலாத்தையும் சபூராவின் சலாத்தையும் சொன்னேன்.

நீங்கள் கேட்ட நாள். நிறைய யோசித்தேன். வருஷத்தில் பல முறை வந்த ஒரு நாளையே எழுதுகிறேன்.

சுபுஹுக்கு எழுவார்கள். தொழுதுவிட்டுக் கோப்பி குடிப்பார்கள், சர்க்கரை குறைவாக. பாசார் பக்கம் போய் மீன் வாங்கி வந்து என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஆபீஸுக்கு நடப்பார்கள். ரிக்‌ஷா வைக்கச் சொன்னால் கேட்க மாட்டார்கள். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் நாகப்பட்டினத்துக் கப்பல் வரும் நாளில் மட்டும் வர மாட்டார்கள். அந்தக் கப்பல் அவர்கள் கம்பெனிக் கப்பல் இல்லை. அதில் அவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் துறைமுகத்தில் போய் நிற்பார்கள். டெக்குப் பிரயாணிகள் கடைசி ஆள்வரை இறங்கி முடித்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவார்கள். முதல் வருஷம் ஒரு தடவை கேட்டேன், “யாரத் தேடுனீங்க?” என்று. “யாரையும் இல்ல. சும்மா நின்னேன்,” என்றார்கள். எந்தப் பெண்பிள்ளை ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாலும் அவர்கள் கழுத்து அந்தப் பக்கம் திரும்புமாம்; என் தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்னான். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

அப்படித் திரும்பி வந்து, கை கழுவி, சாப்பிட உட்காருவார்கள். மற்ற நாளெல்லாம் மீனின் நடுத்துண்டை அவர்களுக்குத்தான் வைப்பேன். கப்பல் வந்த நாளில் வைக்க மாட்டேன், லாத்தா. வாலை வைப்பேன். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் அதைச் சாப்பிடுவார்கள்.

ஹாஜரா